‘தொடரும்’ போட்டால் ஏழு நாள் காத்திருந்தோம், தெரியுமா?

தூத்துக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாகத் தெரிந்த டிவி படம் இந்தியாவிலிருந்து வரவில்லை, தெரியுமா? இலங்கையிலிருந்து வந்தது! 1982 பிப்ரவரி 15-ல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முக்கிய டிரான்ஸ்மிட்டர் இருந்த இடம் பிதுருதலாகலை. இலங்கையிலேயே உயரமான மலை அது, 2524 மீட்டர்! அந்த உச்சியிலிருந்து கிளம்பிய அலை கடலைத் தாண்டி நம் மொட்டைமாடிக்கு வந்து இறங்கிவிட்டது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-லேயே தொடங்கிவிட்டது என்றாலும் அதன் வீச்சு தென்கோடி வரை எட்டவில்லை. கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழும்பும்வரை தெற்குச் சீமைக்குக் கொழும்புதான் பக்கம், சென்னை தூரம்.

இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் அலுமினிய ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வாங்கி மாட்டி, மேலே ஒருத்தர் குழாயைத் திருப்ப, கீழே ஒருத்தர் “வருது... வருது... போச்சு!” என்று கத்த, புள்ளிபுள்ளியாகத் தெரிந்த சிங்கள நாடகத்தை மொழி தெரியாமலேயே முழுசாகப் பார்த்த ஜனங்கள் நாம்! இன்றைக்கு 4கே திரையில் சொந்த மொழியில் வரும் சீரியலை “போர் அடிக்குது” என்று தள்ளிவிடுகிறோம்.

அந்த டிவியைச் சும்மா வைத்துக்கொள்ளவும் முடியாது, அதுவாவது தெரியுமா? லைசென்ஸ் வேண்டும்! தபால் ஆபீசில் போய் வருஷா வருஷம் கட்டணம் கட்டி, அதற்கென்று ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும். 1980-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. சாலிடேர், டயனோரா என்று சென்னைக்காரர்களே தயாரித்த பெட்டிகள். மரக் கதவு வைத்து, இழுத்துச் சாத்தும்படி இருக்கும். பார்த்து முடித்ததும் கதவைச் சாத்தி, மேலே பின்னல் துணி போட்டுவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாற்பது வயது தாண்டிய யாரிடமும் டிவி பேச்சை எடுத்துப் பாருங்கள். “அந்தக் காலத்து சீரியல் மாதிரி வருமா?” என்பார்கள். கதை நன்றாக இருந்தது, நடிப்பு நன்றாக இருந்தது, குடும்பத்தோடு பார்க்க முடிந்தது என்று காரணம் அடுக்குவார்கள். எல்லாம் பாதி உண்மை. முழு உண்மை ஒரு எண்ணில் ஒளிந்திருக்கிறது: 13!

ஆமாம், பதின்மூன்று. ஒரு வருஷத்துக்கு 52 வாரம். அதை நாலாக வகுத்தால் 13. தூர்தர்ஷன் தொடர்களுக்கு அனுமதி கொடுத்தது அந்தக் கணக்கில்தான். வாரம் ஒன்று, மூன்று மாதத்துக்குப் 13. பிடித்திருந்தால் இன்னொரு 13, அப்புறம் இன்னொரு 13. இப்போது பழைய பெரிய தொடர்களின் எபிசோடு எண்ணிக்கையைப் பாருங்கள், புல்லரிக்கும். ‘மால்குடி டேஸ்’ முதலில் வந்தது 39. பதின்மூன்று மூன்று! ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ முதலில் 52 என்று திட்டமிடப்பட்டது. பதின்மூன்று நாலு! ஜனங்கள் விடவில்லை, நீட்டி நீட்டி 78-ல் முடிந்தது. பதின்மூன்று ஆறு! இந்தியாவின் முதல் பெரிய தொடரான ‘ஹம் லோக்’ 156. பதின்மூன்று பன்னிரண்டு! (பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ மட்டும் 94-ல் முடிந்து இந்த அழகான கணக்கைக் கெடுத்துவிட்டது. வியாசர் எழுதியதை யாரால்தான் கட்டத்துக்குள் அடைக்க முடியும்?)

இந்தப் பதின்மூன்று என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? எழுதுபவரின் கழுத்தில் கத்தி வைத்தது. மூன்றே மாதத்தில் கதையைத் தொடங்கி, முடிச்சுப் போட்டு, அவிழ்த்தும் ஆகவேண்டும். மாமியார் ஒரு பால் டம்ளரை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு நிற்க நேரமே கிடையாது!

‘ஹம் லோக்’ என்றேனே, அது எங்கிருந்து முளைத்தது தெரியுமா? மெக்சிகோவிலிருந்து! அங்கே மிகேல் சபீதோ என்பவர் கண்ணீர்க் கதைக்குள்ளேயே எழுத்தறிவு, குடும்பக் கட்டுப்பாடு என்று பாடங்களைப் பொதிந்து தொடர்கள் எடுத்துப் பெயர் வாங்கியிருந்தார். அந்தப் பாணியை நம் தகவல் ஒலிபரப்புத் துறையினர் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். மனோகர் ஷியாம் ஜோஷி எழுத, 1984 ஜூலை 7-ல் தொடங்கியது. வேலையில்லாத மூத்த மகன், குடிகார அப்பா, கல்யாணமாகாத பெண்கள் என்று ஒரு நடுத்தரக் குடும்பம். ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக் குமார் திரையில் வந்து, “இவன் செய்தது சரியா?” என்கிற மாதிரி நம்மிடம் நியாயம் கேட்பார். சுமார் 4 லட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன! வாட்ஸ்அப் ஃபார்வர்டு கிடையாது சார், உட்கார்ந்து எழுதி, மடித்து, தபால்பெட்டி வரை நடந்துபோய்ப் போட்ட கடிதங்கள். அதைவிட வேடிக்கை, குடும்பக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுக்கப் பிறந்த இந்தத் தொடர் தேசத்துக்கு நிஜமாகவே சொல்லிக்கொடுத்தது வேறொன்று: இரண்டு நிமிட நூடுல்ஸ். ஸ்பான்சர் மேகி! புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த அந்த மஞ்சள் பாக்கெட் இந்தத் தொடரின் தோளில் ஏறித்தான் ஊர் ஊராகப் போனது.

‘ராமாயண்’ கதை எல்லோருக்கும் தெரியும் என்பீர்கள். 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறு காலை தெருவெல்லாம் காலி, டிவிக்கு மாலை, சூடம், சாம்பிராணி. தமிழ்நாட்டில் இந்தி தெரியாத பாட்டிகள்கூடத் தடுமாறாமல் பார்த்தார்கள். கதைதான் அவர்களுக்கு மனப்பாடமாயிற்றே, வசனம் எதற்கு? ஆனால், இந்தத் தொடரை நீட்டச் சொல்லி வேலைநிறுத்தமே நடந்தது, அது தெரியுமா? 1988-ல் பஞ்சாபின் ஜலந்தரில் தூய்மைப் பணியாளர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். பட்டாபிஷேகத்தோடு தொடர் முடிகிறது என்றதும் அவர்களுக்குக் கோபம். வால்மீகியையே வழிபடும் சமூகம் அவர்களுடையது. உத்தர காண்டத்தில்தானே வால்மீகியே கதைக்குள் வருகிறார்? அவர் வராமல் ராமாயணத்தை எப்படி முடிக்கலாம்? போராட்டம் பரவியது, அரசு இறங்கி வந்தது, ‘லவ் குஷ்’ பிறந்தது. ஒரு சீரியலின் கிளைமாக்ஸுக்காக வேலைநிறுத்தம் நடந்த நாடு இது!

இதைக் கேளுங்கள், இன்னும் நம்ப முடியாது. சீதையாக நடித்த தீபிகா சிக்லியா, ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி இருவரும் 1991-ல் ஒரே மாநிலமான குஜராத்திலிருந்து, ஒரே கட்சியின் சார்பில், ஒரே மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்! வதோதராவில் சீதை, சபர்காந்தாவில் ராவணன். அடுத்து 1996-ல் ஜாம்ஷெட்பூரில் கிருஷ்ணர் ஜெயித்தார், ‘மகாபாரத்’ நிதீஷ் பரத்வாஜ். 2003-ல் அனுமார் தாரா சிங் மாநிலங்களவைக்கு நியமனம். 2016-ல் திரௌபதி ரூபா கங்குலியும் அங்கே போய்ச் சேர்ந்தார். ராமராக நடித்த அருண் கோவில்தான் பாவம், 2024 வரை காத்திருந்து மீரட்டில் ஜெயித்தார். ராவணன் போய் 33 வருஷம் கழித்து ராமன்!

‘மகாபாரத்’ பக்கம் போனால் திரும்பி வரவே முடியாது. வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரஸா, உருது இலக்கியத்தில் ஊறிய முஸ்லிம் எழுத்தாளர். பீமனாக வந்த பிரவீண் குமார் நிஜமாகவே ஒலிம்பிக் போனவர், வட்டெறிதலில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியவர். அர்ஜுனனாக நடித்த ஃபிரோஸ் கான் அதன்பிறகு தன் பெயரையே அர்ஜுன் என்று வைத்துக்கொண்டார். போதும், தமிழுக்கு வருவோம்.

மால்குடிக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடாதீர்கள். கதைகளை எழுதிய ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்தவர். தொடரை எடுத்தவர் கன்னட நடிகர் சங்கர் நாக். படம்பிடித்தது கர்நாடகத்தின் மழை ஊரான ஆகும்பே. தலைப்பில் வரும் கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் போட்டவை. காதுக்குள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த இசை? நம் எல். வைத்தியநாதன்! வயலின் மேதைகள் எல். சுப்பிரமணியம், எல். சங்கர் இருவருக்கும் அண்ணன். இந்தியிலும் ஆங்கிலத்திலும் எடுத்த தொடருக்குத் தமிழ்க் குடும்பத்து இசை, அதை ஊர் பேர் தெரியாமல் இந்தியாவே முணுமுணுத்தது.

சென்னைத் தூர்தர்ஷனில் அப்போது வந்தவற்றைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் பொய் என்பார்கள். தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு, காத்தாடி ராமமூர்த்தி முகத்தோடு வந்தார். சாம்பு பத்திரிகையில் அசடு வழிந்தது 1940-களில், டிவியில் வழிந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து. இன்னொன்று, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’! 2020-களில் நடப்பதாக எழுதப்பட்ட விஞ்ஞானக் கதை. சர்வாதிகார ஆட்சி, அதற்கு எதிராக ஒரு பெண், அவளுக்குத் துணையாகப் பேசுகிற, சிந்திக்கிற ஒரு இயந்திர நாய், பெயர் ஜீனோ. இதைத் தமிழில், அரசு டிவியில், கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் எடுத்துக் காட்டினார்கள். அட்டையும் பொம்மையும்தான், இப்போது பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தத் துணிச்சல்! இன்று நாமே 2020-களில் இருக்கிறோம். செயற்கை நுண்ணறிவு கையில் இருக்கிறது. பிரைம் டைமில் ஒரு இயந்திர நாயை விடச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

பத்திரிகைத் தொடர்கதையின் பிள்ளைதான் டிவி தொடர் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் 1950-ல் தொடங்கி மூன்றரை வருஷம் வாரா வாரம் வந்தது. கிழித்துக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் எத்தனை! வாரக் கடைசியில் ஒரு முடிச்சு, அடுத்த வாரம்வரை தெருவெல்லாம் யூகம். டிவிக்கு அந்தப் பழக்கம் அப்படியே கைமாறி வந்தது.

அந்தக் கைமாற்றத்தின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ‘மர்மதேசம்’! 1990-களின் நடுவில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. முதலில் ‘ரகசியம்’, அப்புறம் ‘விடாது கருப்பு’. நட்டநடு ராத்திரி, கிராமத்து மண் சாலை, வெள்ளைக் குதிரை, அதன் மேல் கருப்புசாமி, தப்பு செய்தவன் காலையில் பிணம். செய்வது சாமியா, மனுஷனா? வியாழன் வந்ததென்றால் குழந்தைகள் பாயை இழுத்துச் சுவர் ஓரம் போட்டுக்கொள்வார்கள். பயம், ஆனாலும் பார்க்கவேண்டும்! ‘விட்டு விடு கருப்பா’ என்ற நாவலாக இருந்த கதை அது. அந்தக் கேமரா கோணங்களை இன்று பாருங்கள். ஓட்டு வீட்டின் உத்தரத்துக்குப் பின்னாலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து, மாட்டு வண்டிச் சக்கரத்தின் இடுக்கிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். வாரம் ஒன்று எடுத்தால் போதும் என்றபோதுதானே கேமராவைக் கிணற்றில் இறக்க நேரம் இருக்கும்?

அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிற்பாடு நிஜ வாழ்க்கையிலும் ஜோடியானார்கள், தெரியுமா? அதோடு முடியவில்லை. 2018-ல் வந்த ‘96’ படத்தில் தேவதர்ஷினி பாத்திரத்தின் பள்ளிப் பருவத்தில் நடித்தவர் அவர்களுடைய சொந்த மகள்! சேத்தன் ‘விடுதலை’யில் போலீஸ் அதிகாரியாக வந்து நம்மைப் பதற வைத்தாரே, ‘மெட்டி ஒலி’யில் அம்மா பேச்சைத் தட்டாத மாணிக்கமும் அவரேதான்.

சின்னத்திரை சும்மா விடாது யாரையும். விஜய் சேதுபதி 2006-ல் ‘பெண்’ என்ற சன் டிவி சீரியலில் நடித்தார். மாதவன் தமிழ் சினிமாவுக்கு வருமுன் இந்தியில் ‘பனேகி அப்னி பாத்’ தொடரில் வந்துகொண்டிருந்தார்.

இப்போது திருப்பத்துக்கு வருகிறேன். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கியது. அந்த நாளில் தனியார் சேனல்கள் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்ப அனுமதியே கிடையாது, தெரியுமா? இங்கே எடுத்த நாடா விமானம் ஏறி வெளிநாடு போய், அங்கிருந்து வானத்துக்கு ஏறி, மறுபடி நம் தெருக் கேபிள்காரரின் குடைக்குள் விழும்! நாலு தெரு தள்ளி எடுத்த காட்சிக்குப் பாஸ்போர்ட் பயணம்.

1999 டிசம்பர் 20. ‘சித்தி’! ராதிகா. வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு உடைந்தது, தினமும் ராத்திரி ஒன்று. 2001 நவம்பரில் முடியும்போது 467 எபிசோடு. இதையே பழையபடி வாரம் ஒன்றாகப் போட்டிருந்தால் முடிக்க ஒன்பது வருஷம் ஆகியிருக்கும்! அடுத்து ‘மெட்டி ஒலி’, 2002 முதல் 2005 வரை, 811. ஒரு அப்பா, ஐந்து பெண்கள்: தனம், சரோ, லீலா, விஜி, பவானி. இந்த ஐந்து பேரை இதே வரிசையில் ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் இன்றும் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள் என்று தைரியமாகப் பந்தயம் கட்டுவேன். அது மலையாளத்துக்குப் போய் ‘மின்னுகெட்டு’ ஆகி அங்கேயும் வருஷக்கணக்கில் ஓடியது. பிறகு ‘கோலங்கள்’, தேவயானி, 2003-ல் தொடங்கி 2009-ல் முடிந்தது. 1533 எபிசோடு!

கணக்குப் போடுங்கள், தலை சுற்றும். ‘கோலங்கள்’ வாரம் ஒன்று வந்திருந்தால் 29 வருஷம். ‘சந்திரலேகா’ 2014-ல் தொடங்கி 2022-ல் 2314 எபிசோடோடு முடிந்தது. தூர்தர்ஷன் வேகத்தில் போயிருந்தால் கிளைமாக்ஸ் எப்போது தெரியுமா? 2059-ல்!

ஒரு நிமிஷம். அன்றைக்கு ‘சித்தி’யையும் ‘மெட்டி ஒலி’யையும் பார்த்து நம் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? “எப்பப் பாரு அழுகை, சோறு பொங்காம டிவி முன்னாடி உட்கார்ந்திருக்காளுங்க” என்றுதான் சொன்னார்கள். பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. குடும்பம் கெடுகிறது என்று பட்டிமன்றம் வைத்தார்கள். இன்று அதே ‘மெட்டி ஒலி’தான் “குடும்பத்தோடு பார்க்கக்கூடிய தரமான பழைய சீரியல்”! யூடியூபில் அதைத் தேடிப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் அன்று அது முடிவதற்குள் பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு விரட்டப்பட்டவர்கள். அழுகையின் அளவு அன்றைக்கும் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை என்பது என் கட்சி. சரோவின் மாமியார் படுத்தியதையெல்லாம் இன்று புதிதாக எடுத்து ஒளிபரப்பினால் “டாக்சிக்” என்று நாமே கொதிப்போம்.

இன்னொரு ஆச்சரியம். ‘கோலங்கள்’ இயக்கி, அதிலேயே தொல்காப்பியனாக நடித்தவர் திருச்செல்வம். 2022-ல் ‘எதிர்நீச்சல்’ எடுத்தவரும் அதே திருச்செல்வம்தான்! “பழைய ஆட்கள் போய்விட்டார்கள், அதனால் தரம் போய்விட்டது” என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். ஆதி குணசேகரனாக ஜி. மாரிமுத்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு “ஏய், இந்தாம்மா” என்று குரல் கொடுத்ததும் சீரியல் பக்கமே தலைவைக்காத ஆண்களும் ரிமோட்டைக் கீழே வைத்தார்கள். வில்லன், ஆனால் ஊரே அவரை மீமாக்கிக் கொஞ்சியது. 2023 செப்டம்பர் 8-ல் அவர் திடீரென்று காலமானபோது ஒரு சீரியல் நடிகருக்காகத் தமிழ்நாடு அழுதது. பாத்திரம் இருந்தால் 2023-லும் ஜனங்கள் அழுவார்கள்.

‘மெட்டி ஒலி’ எடுத்த திருமுருகனும் சும்மா இருக்கவில்லை. அவருடைய ‘நாதஸ்வரம்’ தொடரின் ஆயிரமாவது எபிசோடு 2014 மார்ச் 5 அன்று நேரடி ஒளிபரப்பாக வந்தது, தெரியுமா? சுமார் 23 நிமிடம், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட், நடிக்க நடிக்க வீட்டில் டிவியில் ஓடுகிறது! ஒருத்தர் வசனம் மறந்தாலும் மாநிலமே பார்த்துவிடும். கின்னஸ் சாதனைப் பட்டியலில் போய் உட்கார்ந்தது. மேடை நாடகக்காரர்களின் வயிற்றுப் பதற்றத்தை மெகா சீரியலுக்குள் கொண்டுவந்த அந்த ஒரு ராத்திரிக்காகவே “இந்தக் காலத்து சீரியல்” என்று மூக்கைச் சுளிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவேன்.

அப்படியானால் இப்போது எதுதான் கெட்டது? சொல்கிறேன். வியாழக்கிழமை! பார்வையாளர் அளவீட்டு நிறுவனமான பார்க் வாராவாரம் எண்களை வெளியிடுவது அன்றைக்குத்தான். எண் ஏறினால் அதே சண்டை அடுத்த வாரமும் நீளும். இறங்கினால் கதாநாயகிக்கு ஞாபகமறதி வரும், செத்தவர் திரும்பி வருவார், இல்லையென்றால் இரண்டு சீரியல் குடும்பங்கள் ஒரே கல்யாண மண்டபத்தில் சந்தித்து ‘மகாசங்கமம்’ நடத்தும். எழுதுபவருக்கே முடிவு தெரியாது. பழைய எழுத்தாளருக்குக் கடைசிக் காட்சி முதலிலேயே தெரியும், அதை நோக்கி நடந்தார். இன்றைய எழுத்தாளர் போன வியாழனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முன்னால் ஓடவேண்டியிருக்கிறது. வாரத்துக்கு ஆறு எபிசோடு என்றால் பதின்மூன்று எபிசோடுக் கதையைச் சுமார் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாமே? முடிக்கத்தான் விடமாட்டார்கள்!

ஒரே கதை எத்தனை மொழியில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். வங்காளத்தில் 2019-ல் ‘ஸ்ரீமயி’ என்று ஒரு தொடர், வீட்டுக்கே உழைத்துக் கரைந்த ஒரு தாய் தன்னை மீட்டெடுக்கும் கதை. அது மராத்திக்குப் போனது, மலையாளம், தெலுங்கு, கன்னடத்துக்குப் போனது, இந்தியில் ‘அனுபமா’ ஆனது, தமிழில் நம் ‘பாக்கியலட்சுமி’! ஒரு வங்காள எழுத்தாளரின் மேஜையில் பிறந்தவர் கொல்கத்தாவிலிருந்து கொச்சி வரை ஒரே நேரத்தில் வெவ்வேறு புடவையில், வெவ்வேறு குழம்பு கிளறிக்கொண்டு அழுதிருக்கிறார். நம் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ எதிர்த்திசையில் தெலுங்கு, மலையாளம், இந்தி என்று கடை விரித்தது. இது குறையா, பெருமையா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. ஆனால் ஆகும்பே மழையும் தேவனின் மயிலாப்பூர் வாசனையும் இப்படிப் பெட்டி மாற்றிப் பயணம் செய்திருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

பழசின் மேல் உள்ள பசி எவ்வளவு பெரியது என்பது 2020 ஊரடங்கில் தெரிந்தது. படப்பிடிப்பு நின்றது, புது எபிசோடு இல்லை. மார்ச் 28-ல் தூர்தர்ஷன் ‘ராமாயண்’ நாடாவைத் தூசி தட்டிப் போட்டது. ஏப்ரல் 16 அன்று ஒரே நாளில் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷனே மார்தட்டியது! உலக சாதனை என்று அவர்கள் சொன்னதை மறுத்துச் சண்டை போட்டவர்களும் உண்டு. சாதனையோ இல்லையோ, முப்பத்துமூன்று வயதான ஒரு தொடருக்கு இந்தக் கூட்டம். அந்த வருஷம் ஜனவரியிலேயே ‘சித்தி 2’ வந்துவிட்டது. 2000-ல் தொடங்கி 1833 எபிசோடு ஓடிய இந்தி ‘கியோங்கி சாஸ் பி கபி பஹு தி’ 2025 ஜூலை 29-ல் அதே ஸ்மிருதி இரானியோடு மறுபடி வாசலைத் திறந்தது. நடுவில் அவர் மத்திய அமைச்சராகவே இருந்துவிட்டு வந்திருந்தார்!

இதற்கிடையே யாரும் கவனிக்காமல் ஒன்று நடந்துவிட்டது, தெரியுமா? அந்தப் பழைய பதின்மூன்று திரும்பி வந்துவிட்டது! வேறு பெயரில், சற்று இளைத்து. புஷ்கர் - காயத்ரி எழுதிய ‘சுழல்’ வெப் தொடர் 2022 ஜூனில் ஓடிடியில் வந்தது, எட்டே எபிசோடு. மயானக் கொள்ளைத் திருவிழா பின்னணி, காணாமல்போன பெண், ஊரெல்லாம் ரகசியம். ‘விலங்கு’, ‘அயலி’ எல்லாம் இப்படியே. தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, கேமராவைக் கிணற்றில் இறக்க நேரமும் உண்டு. ‘மர்மதேசம்’ எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்றே இவற்றைச் சொல்லலாம். சாமியும் சடங்கும் குற்றமும் ஒரே முடிச்சில்!

ஆனால் ‘சுழல்’ எட்டையும் ஒரே நாளில் கொட்டிவிட்டார்கள். ராத்திரி பத்துக்கு ஆரம்பித்தவன் விடிகாலை கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டு, பல் தேய்க்கப் போகிறான். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது எபிசோடில் இருக்கிறார், மச்சினி இன்னும் தொடங்கவே இல்லை. யாரிடம் பேசுவது? ‘விடாது கருப்பு’ ஓடிய நாளில் வெள்ளிக்கிழமை காலை குழாயடியில், பஸ் நிறுத்தத்தில், ஆபீஸ் கேன்டீனில், வகுப்பறைக் கடைசி பெஞ்சில் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு தெரியும், ஒரே அளவு தெரியாது. “அந்த டாக்டர்தான்டி!” “போடி, பூசாரி மேலதான் எனக்கு சந்தேகம்!” ஆளுக்கொரு கதை எழுதினோம் அந்த ஏழு நாளில். பாதிக் கதையை இந்திரா சௌந்தர்ராஜன் எழுதினார், மீதியை நாம் எழுதினோம். நல்ல நடிகர்கள் இன்றும் இருக்கிறார்கள், நல்ல கேமரா முன்பைவிட மலிவாகக் கிடைக்கிறது. அந்த ஏழு நாளை விற்கப் பெரும்பாலான ஓடிடிகளிடம் திட்டம் இல்லை.

சோதித்துப் பார்க்க ஆசையா? ‘விடாது கருப்பு’ யூடியூபில் கவிதாலயா பக்கத்திலேயே கிடைக்கிறது, காசு வேண்டாம். வியாழக்கிழமை ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றே ஒன்று. அடுத்தது தானாக ஓடத் தொடங்கும், ஓடிப்போய் நிறுத்துங்கள்! அடுத்த வியாழன்வரை தொடக்கூடாது. வீட்டில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் உத்தமம், வெள்ளிக்கிழமை காலை சண்டை போட ஆள் வேண்டுமே. ஏற்கெனவே பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை, குதிரையில் வருவது யார் என்று முதல் நாளே போட்டு உடைத்துவிடுவார்கள். எனக்கும் தெரியும். சொல்லமாட்டேன்!